மணத்த கொடும்பாவி

இல்ல தம்பி, தெரியாமத்தான் கேக்குறேன், ஒரு நியாயம் வேணாமா? காணாமப் போன பசுமாட்டுக்கு மொதப் பக்கம், தேசத் துரோகிக்குக் கடைசிப் பக்கமா? எடு அந்த மாட்டை! பசிச்சா அது தன்னால வீடு வந்து சேரும். மெஹிட்டபெல் க்ரோவெல் குடுக்குற அறிக்கை மொதப் பக்கத்துல, நட்ட நடுவுல, கொட்டை எழுத்துல வரணும். நான் யாருன்னு தெரியுமில்ல? ஸால்ட்மார்ஷ் சுதந்திரப் புத்திரிகள் சங்கத் தலைவி! என்ன சிரிக்கிற? சிரிக்கலையா... ஓ, கன்னத்துல மை. சரி சரி.

நீ பாட்டுக்கு அச்செழுத்துக் கோத்துக்கிட்டே இரு பெலேக். நான் சொல்லச் சொல்ல கோரு. வாயத் தொறக்காத ஆளு நீ, அதனாலதான் உன்னை எனக்குப் புடிக்கும். ம்... 'பொதுமக்களுக்கு அறிவிப்பு. சென்ற செவ்வாய்க்கிழமை சுதந்திரக் கம்பத்தடியில் கொளுத்தப்பட்ட லண்டன் மந்திரியின் கொடும்பாவிக்குள் தேயிலையை ஒளித்து வைத்த துரோகி, இவ்வூர்த் தையற்காரன்...' இரு, இரு, இரு! பேரை அப்புறம் சொல்றேன். எடம் விட்டு வை. என்ன அவசரம் இப்ப?

அவசரந்தான். தெரியும். படகுத்துறையில தார்ச் சட்டியை அடுப்புல ஏத்தியாச்சு. தார் மேல ஒட்டுறதுக்கு எறகு மூட்டையும் ரெடி, என் பக்கத்து வீட்டு வாத்து அத்தனையும் வெறும் ஒடம்போட திரியுது, பாக்கச் சகிக்கல. பேரு அச்சுல வராம எவன் மேலயும் தார் ஊத்தக் கூடாதுன்னு கமிட்டி தீர்மானம். மூப்பர் ஈனோஸ் இருக்காரே, கமிட்டித் தலைவர், அவருக்கு எல்லாம் சட்டப்படி நடக்கணும். மனுசனைத் தாருல முக்குறதுகூட சட்டப்படி! அதனால ஊரே உன் பத்திரிகைக்குக் காத்துக்கிட்டு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள ஜேபஸ் விங் கதை முடிஞ்சுது. அடடா, பேரைச் சொல்லிட்டேனே. கோக்காத! அதை மட்டும் கோக்காத!

என்ன ஊரு இது, ச்சே! லண்டன் ராஜா போஸ்டன் துறைமுகத்தை இழுத்துப் பூட்டிட்டான். தெருத் தெருவா அவனோட செஞ்சட்டைச் சிப்பாய்ங்க. நம்ம ஆளு ஒருத்தன்கூட உக்காராத சபையில உக்காந்துக்கிட்டு நம்ம டீக்கு வரி போடுறானுங்க. அதைப் போய்க் கேளுங்கடான்னா, இங்க ஒரு தையக்காரனைப் புடிச்சுக்கிட்டு... அவன் நூலுக்கு அந்தப் பக்கம் போகாத ஆளு தம்பி. ஈ மேல ஊசி பட்டாக்கூட மன்னிப்புக் கேப்பான்.

சத்தியமா சொல்றேன், டீக்கு எதிரா என்னை மாதிரி எவளும் பேசல. நாப்பத்தேழு பொம்பளைங்ககிட்ட கையெழுத்து வாங்கினவ நான். 'அந்த எல ஒண்ணுகூட எங்க வாசலைத் தாண்டாது'ன்னு. அப்புறம் என் வீட்டுல வெச்சு எல்லாருக்கும் ராஸ்பெரி எலையைக் கொதிக்க வெச்சுக் குடுத்தேன். சுதந்திர டீ! குடிச்சிருக்கியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, குடிச்சிருக்க. ஆட்டு ரோமம் அலசின தண்ணி மாதிரி இருக்கும். எங்க சங்கத்துக் கெஸியா ஒரு வாய் குடிச்சுட்டு, 'அக்கா, ராஜாவையே மன்னிச்சுடலாம் போல இருக்கே'ன்னா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா தலைவி இல்லையா? 'ஆகா, என்ன ருசி'ன்னு ரெண்டு கோப்பை குடிச்சேன். ராத்திரி பூரா வயிறு கடமுடான்னு புரட்சி பண்ணுச்சு.

அந்தக் கொடும்பாவி கதையைக் கேளேன்... ஐயோ, நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது, சிரிக்கக் கூடாது, ஒருத்தன் உசுரு மானம் இதுல இருக்கு, ஆனா சிரிப்பு வருதே என்ன செய்ய! ஜேபஸ்தான் தெச்சான். அப்படி ஒரு மந்திரி! தொப்பை என்ன, தொங்குற கன்னம் என்ன, வைக்கோல் திணிச்சு, பட்டு மேல்சட்டை போட்டு, மரியாதை குடுத்துப் பேசலாம் போல இருந்தான். பொய்த்தலைமுடி வெக்கிறதுக்காக என் வீட்டுல கொண்டாந்து சாய்வு நாக்காலியில உக்கார வெச்சுட்டுப் போனான். நான் ரொட்டி பெசையும்போது ரெண்டு தடவ, 'நகருங்க ஐயா, மாவு படும்'னு சொல்லிட்டேன்.

அன்னிக்கு மத்தியானம்தான் ஊர்க்கூட்டம். கோயில்ல எள்ளு போட எடமில்ல. எனக்கு வேற கூட்டத்தைக் கண்டா நாக்கு நிக்காதா... பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு விதி, ஆனா நான் மேல்மாடத்துலேர்ந்து கத்துனேன்: 'கையெழுத்து மட்டும் போதுமா? வீடு வீடா பூந்து தேடுங்க! அடுக்களை, பரண், மெத்தைக்குள்ளன்னு ஒண்ணு விடாதீங்க!' அப்படி ஒரு கைதட்டு! ஜன்னல் கண்ணாடி ஆடுச்சு தம்பி. அந்தக் கைதட்டு இருக்கே, அது மண்டைக்கு ஏறிடுச்சு. அத்தோட வாய மூடிட்டு உக்காந்திருக்கலாம். உக்காந்தேனா? 'மொதல்ல என் வீட்டுலேர்ந்தே ஆரம்பிங்க'ன்னுட்டேன்!

உடனே மூப்பர் எந்திரிச்சு, 'ஆதரிக்கிறேன்'னுட்டாரு. 'இப்பவே போலாம்'னு வேற.

நான் என் வீட்டுக்கு ஓடுன ஓட்டம் இருக்கே! பாவாடையத் தூக்கிக்கிட்டு, கோழியெல்லாம் தெறிச்சு ஓட, வேலி தாண்டி... ஏன் ஓடுனேனா? அது... வீடு பெருக்காமக் கெடந்துச்சு. வர்றவங்க என்ன நெனப்பாங்க? என்ன பாக்குற? கோரு, கோரு.

சரி, அவங்க வந்தாங்க. ஆறு பேரு. மாவுப் பானைக்குள்ள கைய விட்டாங்க, மெத்தையக் குத்துனாங்க, செத்துப் போன என் வீட்டுக்காரரோட கப்பல் பெட்டியத் தலைகீழாக் கவுத்தாங்க. எந்திரிச்சு நிக்காத ஒரே ஆளு அந்த மந்திரிதான். அவனைத் தேடணும்னு ஒருத்தனுக்கும் தோணல. எப்படித் தோணும்? எதிரி வயித்துக்குள்ள போயி எவளாவது ஒளிப்பாளா? நல்ல யோசனைதான் அது, யோசனையில ஒரு குத்தமும் இல்ல, ஒத்துக்கணும். ஆனா தேடி முடிச்சவங்க சும்மா போவாங்கன்னு பாத்தா, 'வந்ததே வந்தோம், இவரையும் தூக்கிட்டுப் போயிடலாம்'னு மந்திரியத் தோள்ல தூக்கிட்டானுங்க! வெள்ளிக்கிழமை கொளுத்த வேண்டிய ஆளை செவ்வாக்கிழமையே! நான் பின்னாடியே ஓடுறேன், 'ஐயா, நில்லுங்க, அவருக்குத் தையல் விட்டுப் போச்சு, ஒரு நிமிஷம் குடுங்க'ன்னு. கூட்டத்தோட வந்த ஜேபஸ் என்னை ஒரு பார்வை பாத்தான் பாரு. 'என் தையலா? விட்டுப் போச்சா?'ன்னான். பாவம், அதுதான் அவனுக்கு மனசு ஒடைஞ்சிருக்கும்.

முரசு, தீவட்டி, பாட்டு... கம்பத்தடியில வெச்சுக் கொளுத்துனாங்க. மொதல்ல வைக்கோல் பொக. அப்புறம் பட்டு கருகுற நாத்தம். அப்புறம்... தம்பி, நீயும் அங்க இருந்தீல்ல? வயித்துல தீ புடிச்சுது பாரு, கப்புனு ஒரு வாசம்! போஹீ டீ! நல்ல உசத்தி போஹீ! முரசு நின்னுச்சு. பத்து மாசமா அந்த வாசம் காணாத மூக்கு முந்நூறு, எல்லாம் ஒரே பக்கமாத் திரும்புது! கெழட்டு மாலுமி ஒருத்தன் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு அழுவுறான். கெஸியா கண்ண மூடிக்கிட்டு, 'கொஞ்சம் பாலு இருந்தா...'ங்குறா. நம்ம மூப்பர் இருக்காரே, மூணு தடவ, நான் எண்ணுனேன், மூணு தடவ நல்லா இழுத்து மூச்சு வாங்கிட்டு அப்புறந்தான் கத்துனாரு: 'யாரு இந்தத் துரோகி?'

ஹா ஹா... ஐயோ, தண்ணி குடு, தண்ணி... எனக்கு விக்குது.

அப்புறம் எல்லாரும் ஜேபஸைப் பாத்தாங்க. 'பொம்மை தெச்சது யாரு?' 'நாந்தான்.' 'தேயில வெச்சது யாரு?' அவன் எரியாமக் கெடந்த சட்டைத் துணிய எடுத்துப் பாத்தான். வயித்துப் பக்கம் ஒரு தையல், கோணக் கோணயா, பச்சை நூல்ல. அவனோட தையல் இல்ல அது, கண்ணில்லாதவன்கூடச் சொல்லிடுவான். இந்த ஊருல அப்படிக் கேவலமாத் தெக்கிறது யாருன்னு அவனுக்குத் தெரியும். என்னை நிமிந்து பாத்தான். நான் எங்க பாத்தேன் தெரியுமா? நெலாவப் பாத்தேன். நெலாவே இல்ல அன்னிக்கு. அவன் அந்தத் துணிய மெதுவா மடிச்சுத் தீயில போட்டுட்டு, 'நான் தெச்சது, நானே பொறுப்பு'ன்னுட்டான்.

மூணு தடவ என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டவன் தம்பி அவன். சூப்பை சத்தம் போட்டு உறிஞ்சுறான்னு மூணு தடவையும் வேணாம்னேன். இப்ப சங்கத்துல எல்லாருமாச் சேந்து, 'தலைவி கையால அவனைக் கண்டிச்சு அறிக்கை விடணும்'ங்குறாளுங்க. என் கையால! எனக்கு மூணு நாளா ரொட்டி எறங்கல.

அப்படி என்ன பெரிய டீ அது, சொல்லு? அரை பவுண்டு! வீட்டுக்காரர் கடைசியாக் கொண்டாந்தது. குடிக்கக்கூட மாட்டேன், ஞாயித்துக்கெழம பிரசங்கம் முடிஞ்சு வந்து டப்பாவத் தொறந்து மோந்து பாத்துட்டு மூடிடுவேன். சரி, ஒரு சிட்டிகை. சரி, ஒரு கோப்பை. அந்த அவசரத்துல அதை எங்க கொண்டு போயி வெக்கிறது? மூப்பர் வாசல்ல செருமுறாரு. மந்திரி பல்ல இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். சட்டையப் பிரிச்சேன், உள்ள திணிச்சேன், கையில கெடச்ச பச்சை நூலை வெச்சு நாலு தையல்...

ஏன் டக் டக்குனு சத்தம் நின்னுச்சு? கோக்குறத நிறுத்திட்டியா? ஏன் அப்படிப் பாக்குற?

...நான் என்ன சொன்னேன் இப்ப?

என்னத்தையோ மை தடவி அழுத்தி எடுக்குறியே, என்ன தாளு இது? படிச்சுப் பாக்கவா? குடு. 'பொதுமக்களுக்கு அறிவிப்பு. கொடும்பாவிக்குள் தேயிலையை ஒளித்து வைத்தது, விதவை மெஹிட்டபெல் க்ரோவெல் ஆகிய நான்...' அடப் பாவி! அடப் பாவி பெலேக்! நான் சொல்லச் சொல்ல இதையா கோத்த? என் வாயாலயே! நாசமாப் போறவனே, பேசாத ஆளுன்னு நம்பி வந்தேனே! ஊமைக் கோட்டான்! நீ நல்லா இருப்பியா? 'ராஸ்பெரி டீயும் எனக்குப் பிடிக்காது'ன்னு வேற... ஹா ஹா, இதையும் போட்டிருக்கியே, ஹா ஹா ஹா... 'ஜேபஸ் விங் ஒரு பாவமும் அறியாதவர்.' இதை நான் சொல்லலையே. நீயாச் சேத்தியா?

...நல்லதுதான் சேத்திருக்க.

தலைவி பதவி போச்சு. கெஸியாவுக்குக் குடுப்பாளுங்க. போகட்டும், அவளும் நாலு பேருக்கு ஆட்டுத்தண்ணி காச்சிக் குடுத்துப் பாக்கட்டும். ஆனா ஒரு தப்பு இருக்கு இதுல. அரை பவுண்டு இல்ல. ஒரு பவுண்டு. சொல்றதுன்னு ஆகிப் போச்சு, முழுசாச் சொல்லிடுவோம். மாத்து. மாத்திட்டு அச்சுல ஏத்து. அந்த மாடு திரும்ப வந்துடுச்சுன்னு வெச்சுக்கோ, அது எடத்துல இதைப் போடு.

மை காயட்டுமா? காயுற வரைக்கும் தார் காத்துக்கிட்டு இருக்குமா? குடு, ஈரத்தோடயே குடு, நானே படகுத்துறைக்குக் கொண்டு போயி மூப்பர் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்.

ஏ தம்பி, உன்கிட்ட ஒரு பழைய மேலங்கி இருக்குமா? மை பட்டது, கிழிஞ்சது, எதுனாலும் பரவாயில்ல. இந்தக் கவுனோட போக மாட்டேன். தார் பட்டா போகாது பாரு... இது ஜேபஸ் தெச்சது.