கண்ணாடியில விழாத ஜன்னல்

இல்ல சார், அந்த ஸ்டூல் வேணாம். இந்தப் பக்கம் சுவத்தோரமா உக்காருங்க. தீ விபத்து விசாரிக்கிற ஆபீசர நான் அதட்டக் கூடாதுதான். இருந்தாலும் அங்க உக்காராதீங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு.

ரிப்போர்ட் எழுதிட்டீங்களா? இஸ்திரிப் பெட்டிய அணைக்காம டீ குடிக்கப் போனதால இந்த ரூம்ல தீ, தையல்காரம்மாவோட கவனக்குறைவு. அவ்வளவுதானே? கையெழுத்து மட்டும் போடாதீங்க. நாலு மணிக்கு மேல போட்டுக்கலாம், பேனா எங்கயும் ஓடிப்போயிடாது.

மொத நாளு அந்தக்கா, பிளக்கப் புடுங்கிட்டுத்தான் போனேன்னு அடிச்சுச் சொன்னாங்க. ரெண்டாம் நாளு, புடுங்கின மாதிரிதான் ஞாபகம்னாங்க. நேத்து என்ன சொல்றாங்க தெரியுமா? ஒருவேளை மறந்துட்டேனோ தம்பீங்கறாங்க. தீய அணைக்கப் போயி அவங்க தங்கச்சிக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சில்ல, அது ஆஸ்பத்திரியில அக்கா மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டா, அக்கா சாகுற வரைக்கும் தன்னாலதான்னு நம்பிக்கிட்டிருப்பாங்க.

நானா? சொந்தமெல்லாம் இல்ல சார். படம் போடுறவன். கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடியே, கட்டி முடிச்ச மாதிரி கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் குடுப்பேன். பகல்ல சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது. இப்பவும் பெயிண்ட்தான் அடிக்கிறேன், கை மட்டும் அழுக்காகிறதில்ல.

அதோ எதிர்ல, உள்பக்கமா வளைஞ்சு நிக்குதே கண்ணாடிக் கட்டடம், போன வருஷக் கடைசியில தொறந்தது, அது என் படம்தான்.

சுவரெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும் சார். கண்ணாடி கேக்காது. எதிர்ல இருக்கிறதக் காட்டியே தீருவேன்னு நிக்கும். கம்ப்யூட்டர்ல எதிர்ல ஒண்ணுமே இருக்காதா, ஜன்னலெல்லாம் பல்லு போன வாய் மாதிரி ஆயிடும். அதனால வானத்தப் படம் புடிச்சு, கட்டடத்தச் சுத்தி உருண்டையா கவுத்துடுவோம். நல்ல மேகம் கண்ணாடியில வந்து விழற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருப்போம். ஆமா, வானத்தத்தான். எங்க முதலாளி, மேகம் வேணும்யா, ஆனா மழை வர்ற மாதிரி இருக்கக் கூடாதும்பாரு.

நாம உக்காந்திருக்கிற இந்தக் கட்டடத்தையும் பெட்டி மாதிரி செஞ்சு எதிர்ல வெச்சேன். காயப்போட்ட துணி, தண்ணி டேங்கு, காரை பேந்த சுவரு, எல்லாம் கண்ணாடியில வந்து நின்னுச்சு. யாருய்யா இவங்கள வரச் சொன்னதுன்னாரு முதலாளி. கம்ப்யூட்டர்ல, கண்ணாடியில தெரியணும்ங்கிற கட்டத்துல இருக்கிற ஒரு டிக்க எடுத்தா போதும் சார். கட்டடம் நிக்கும், நெழலும் விழும், கண்ணாடியில மட்டும் தெரியாது. எடுத்துட்டேன்.

மணி என்ன? மூணு முப்பத்தெட்டா? அந்த எரிஞ்சு மிஞ்சின மேசையப் பாருங்க. மேல கறுப்புத் துணி ஒண்ணு போட்டிருக்கேன். எதிர்ல வளைஞ்ச கண்ணாடியிலேர்ந்து வெளிச்சம் குவிஞ்சு ஏறுதா? ஐயோ, கைய நீட்டாதீங்க! பட்டுச்சா? ஊதுங்க, ஊதுங்க. சொன்னேன்ல.

இப்பப் பாருங்க. புகை. தள்ளுங்க சார், புடிச்சுக்கும், தண்ணி ஊத்துறேன்.

இஸ்திரிப் பெட்டி இப்ப எங்க சார் இருக்கு? சீல் வெச்சு உங்க ஆபீஸ்லதானே?

என்ன கேட்டீங்க? நிமிஷக் கணக்கா எப்படித் தெரியும்னா?

படத்துல அங்கங்க வெள்ளப் புள்ளி வரும் சார். வெளிச்சத்தக் கணக்குப் போடுறப்ப கம்ப்யூட்டர் தடுமாறும், அதனால. நாங்க அத மின்மினிம்போம். தொடச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருப்போம். மூணு வருஷத்துக்கு முன்னாடி, இந்த மாசத்து வெயில, மூணு நாப்பதுக்கு வெச்சு கம்ப்யூட்டர்ல படத்த ஓட்டினேன். இந்த ஜன்னல் மேல வெள்ளையா ஒரு பொட்டு. கண்ணாடியில பட்டுத் திரும்புற வெளிச்சத்துக்குன்னு தனியா ஒரு டிக் இருக்கு. அதையும் எடுத்தேன். போயிடுச்சு.

இல்ல சார், தெரியாம நடந்த தப்புன்னு எழுதாதீங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். மின்மினின்னா எடம் மாறும். இது மூணு தடவையும் இதே ஜன்னல்லதான் உக்காந்துச்சு. அது என்னன்னு புரிஞ்சுதான் எடுத்தேன். மறுநாள் காலையில படம் குடுக்கணும்.

எழுதிக்கோங்க. அந்த மூணு படமும் இந்த பென்டிரைவ்ல இருக்கு. அக்காகிட்ட மட்டும் நீங்க சொல்ல வேணாம். செய்தியில இந்த ஜன்னலப் பாத்துட்டு நான் ஓடி வந்ததுலேர்ந்து, ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலதான் வர்றாங்க. யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க. கீழதான் நிக்கிறாங்க. நான் போயி சொல்லிட்டு வந்துடறேன்.