நான்காம் நிமிடம், பத்தாவது நொடி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு கோடு மேலே ஏறின கதை. சின்னக் கதைதான், முடியும்வரை இருந்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் கதை பதிவு செய்யத் தோதான நேரம் காலை பதினொரு மணி. எதிர்வீட்டு மிக்சி அடங்கியிருக்கும். காய்கறி வண்டிக்காரரின் மைக்கும் எங்கள் பன்னிமண்டபம் வட்டாரத்தைத் தாண்டியிருக்கும். முன்னறையில் போனை நிமிர்த்தி வைத்து உட்காருவேன். பின்னறைக் கட்டிலில் என் வீட்டுக்காரர் வால்டர் இருப்பார். ரயில் பட்டறையில் சுத்தியல் சத்தத்திலேயே முப்பது வருடம் நின்றதில் அவருக்குக் காது மந்தம். இரண்டு வருடமாக இருதயமும் பலவீனம்.

நான் மார்டள்ளி கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் மைசூருக்கு ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கு வந்தவள். ஊசிக்குப் பயந்து அழுகிறவர்களுக்கும், வலியில் புரளுகிறவர்களுக்கும் வார்டில் கதை சொல்லுவேன். யாரும் கற்றுத் தரவில்லை, நானாகச் சொல்லிப் பழகியது. ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போனதில்லை. கட்டிலோடு கிடக்கிறவர்கள் எப்படிப் போவார்கள்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்றபின், மாடியில் குடியிருக்கும் நிம்மி எனக்கு ஒரு சேனல் தொடங்கிக் கொடுத்தாள். ஒரு வருடம் சந்தோஷமாகச் சொன்னேன். பிறகு ஒருநாள் அவளே என் சேனலை ஒரு வலைத்தளத்தோடு இணைத்தாள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்த நொடியில் போனார்கள் என்று அது கோடு போட்டுக் காட்டும்.

என் கோடுகள் எல்லாம் கிணற்றில் விழுந்த வாளிபோல இருந்தன. வந்தவர்களில் பாதிக்கு மேல் நாற்பதாவது நொடியில் போயிருந்தார்கள். ஒரு வருடமாக வெறும் அறைக்குக் கதை சொல்லியிருக்கிறேன்.

“டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி, சும்னே ஒரு கோடு அல்வா?” என்றாள் நிம்மி, கன்னடம் கலந்து.

அவளுக்கு அது சும்மா ஒரு கோடு. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதன்பின் காலையில் ஜெபம் சொல்லும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் பழகினேன்.

ஆற்றங்கரை உப்புக்காரி கதை சொன்ன வாரத்தில்தான் அது நடந்தது. உடம்பில் தேங்கும் நீரை இறக்க வால்டர் போடும் நீர் மாத்திரை தீர்ந்து, வாங்கி வர இரண்டு நாள் தாமதமாயிற்று. கால் வீங்கி, மூச்சு இழுத்து, இருமிக்கொண்டே கிடந்தார். மறுநாள் பார்த்தால் கோட்டில் நான்காம் நிமிடம் பத்தாவது நொடியில் ஒரு மேடு. போட்டுக் கேட்டேன். சரியாக அந்த இடத்தில் பின்னறையிலிருந்து அவருடைய இருமல். கீழே கட்டத்துக்குள் எழுதியிருந்தது: இந்த இடத்தைப் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், இதுபோல மேலும் செய்யுங்கள்.

அந்த நேரம் வால்டர் பின்னறையிலிருந்து கேட்டார். “ஏ டோரா, அந்த உப்புக்காரி ஆத்துக்கிட்ட என்னடி சொன்னா?”

“அப்புறம் சொல்றேங்க” என்றேன். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கதையில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன், ஜெபம் பண்ணுங்கள் என்றேன். ஆயிரத்துக்கு மேல் வந்தீர்கள். கொள்ளேகாலிலிருந்து கௌரம்மா, “அண்ணனுக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன் அக்கா” என்று எழுதினார். அன்று எவ்வளவு அழுதேன் தெரியுமா? என் வாழ்நாளில் அத்தனை பேர் எனக்காகக் காத்திருந்ததில்லை.

புது மாத்திரையில் வால்டர் தேறினார். வாசல்வரை நடந்தார். வாய்த்துடுக்கும் திரும்பி வந்தது. “உன் கதை ராஜாவுக்கு யாருமே சோறு போட மாட்டேங்கறாங்க. அதான் அவன் சீக்கிரமா செத்துடறான்” என்றார். அந்த வாரம் அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தேன். கர்த்தருக்கு நன்றி என்று எழுதிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். கோடு மறுபடி கிணற்றுக்குள் விழுந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. நல்லாயிருக்கிறவரை யார் வந்து பார்ப்பார்கள்? வார்டில் நான் பார்க்காததா?

பதிவுக்கு இரண்டு நாள் முன்பிருந்து நீர் மாத்திரைக்குப் பதில் சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினேன். அதே அளவு, அதே வெள்ளை. என் கையால் கொடுத்தால் அவர் எதையும் பார்த்து விழுங்குகிறவரில்லை. பதிவு முடிந்ததும் சரியான மாத்திரை, கஞ்சி, காலுக்குத் தைலம். பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். பிறகு வாரத்துக்கு மூன்று கதை கேட்டீர்கள். இடையில் சரியான மாத்திரைக்கு நாள் இல்லாமல் போயிற்று.

மருந்தைக் குப்பையில் போடக்கூடாது என்பது வார்டுப் பழக்கம். கொடுக்காமல் விட்ட மாத்திரைகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அலமாரியில் வைத்தேன். முப்பத்தெட்டு இருந்தன.

போன வியாழக்கிழமை, கதையின் நடுவில் அவர் “டோரா” என்று கூப்பிட்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் “டோரா”. அது எந்த மாதிரி மூச்சு என்று எனக்குத் தெரியும். கதை முடிய நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. சொல்லி முடித்தேன். எப்போதும்போல உங்கள் பிள்ளைகுட்டிகளை வாழ்த்திவிட்டுத்தான் போனை அணைத்தேன். பின்னறையில் சத்தம் நின்றிருந்தது.

அந்தக் கோடு கடைசிவரை கீழே இறங்கவேயில்லை.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல நிம்மி வால்டரின் போனை எடுத்தாள். இன்று காலை, வந்தவர்கள் எல்லாருக்கும் காபி கலக்கும்போது சர்க்கரை தேடிப் பாட்டிலையும் எடுத்துவிட்டாள். முதலில் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். நான் மறைக்கவில்லை, எல்லாம் சொன்னேன். பிறகு போனை நீட்டினாள்.

“ஆன்ட்டி, அந்த உப்புக்காரி வீடியோவ மொத்தமே இருபத்தாறு வாட்டிதான் பாத்திருக்காங்க. அதுல பதினாலு அங்கிளோட போன்ல. அந்த இடத்துல உங்க பேச்சு அவருக்குக் கேக்கல. அவரோட இருமலே அத மறைச்சிருச்சி. என்கிட்டகூடச் சொன்னாரு, எத்தன தடவ பின்னாடி தள்ளிப் பாத்தாலும் கேக்கலம்மான்னு. அந்த மேடு அவருதான், ஆன்ட்டி.”

இருக்கலாம். அவளுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும். ஆனால் பிற்பாடு வந்த ஆயிரக்கணக்கான பேர் நீங்கள்தானே? அது பொய்யாகுமா? வால்டரே கேட்டிருந்தால், உனக்கு ஆள் சேர்ந்தால் சரி டோரா என்றுதான் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனுஷர். அதனால்தான் நான் கேட்கவில்லை.

நிம்மி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போன் பண்ணி வரச் சொன்ன போலீஸ்காரர்கள் வருவதற்குள் கதையை முடித்துவிடுகிறேன். அவர் கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. உப்பு மூட்டையோடு ஆற்றில் இறங்கும்போது உப்புக்காரி சொன்னது இதுதான்: “ஆத்தா, மூட்டைய வேணும்னா கரைச்சுக்கோ. கரையில எனக்காக நிக்கற ஆள மட்டும் விட்டுடு.”

சொல்லிவிட்டேன், வால்டர்.

கண்ணுகளா, உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். பின்னறையிலிருந்து கூப்பிடுகிற குரல் உங்களுக்கு என்றும் இருக்கட்டும். பாதியில் எழுந்து போகாமல் இதுவரை என்னோடு இருந்த வீடுகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.