பாசிர் கூடாங்கில் பனி

மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து உலு திராம் போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் பாதுகாப்புத் தொப்பி. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனாலும் நிறுத்திட்டேன்" என்றார் அவர்.

"எதங்க?"

"கப்பலுக்கு கேஸ் ஏத்துறத. குளிர வச்சுத் தண்ணியாக்குன கேஸு. ஹோஸ் ஜாயின்ட்லேருந்து வெள்ளையா பனி எறங்குச்சு. அந்த வெயில்ல! தரையோட தரையா தவழ்ந்து என் பூட்ஸ்கிட்ட வந்துச்சு."

"அலமாக்! லீக்கா?"

"லீக்குதான். ஒரு தீப்பொறி பட்டிருந்தா போச்சு. எமர்ஜென்சி பட்டன அமுக்குனேன், எல்லாம் நின்னுருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் வந்து கை குடுத்துப் பாராட்டுனாங்க."

"பிறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நகர்ந்தன. அவர் தொப்பியின் பட்டையைத் திருகிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"பாத்த உடனே அமுக்குனேன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். அது பொய். கொஞ்ச நேரம் கனவுல நிக்கிற மாதிரி அப்படியே பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த அம்மா தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் போயி சொல்லிடுங்க."

"என்னன்னு? பனியப் பாத்து சொக்கிப் போயிட்டேன்னா? சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும். சொல்லலன்னா அடுத்த ஆளும் நின்னு பாப்பான்."