இன்னிக்கு யாரு பாடு?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் தலையை வெளியே நீட்டி, பஸ்ஸைத் துரத்தி வந்த பைக்கைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்:

"நம்ம பின்னாடி வர்றது இன்னிக்கு யாரு பாடுடி?"

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி வைக்கும் முறைக்குத்தான் பாடு என்று பெயர்.

"செவப்பு சட்டைக்காரன். நேத்து கண்ணாடி போட்டவன். அவனுங்களுக்குள்ள முறை வெச்சிக்கினு வர்றானுங்க."

"நாம இன்னா இறாலாடி?"

"இறாலா இருந்தா தேவலியே! அதுக்காவது ஒரு ஞாயம் இருக்குது. பாடு தாண்டி வலை போட்டா ஊர்ல தெண்டம் போடுவாங்க. இவன் மூஞ்சிக்கு வலையும் கெடையாது, தோணியும் கெடையாது, பாடு மட்டும் கேக்குது."

இரண்டு பேரும் சீட் குலுங்கச் சிரித்தார்கள்.

"உங்க நைனா கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. ஊர்ல தெண்டம் போடுற ஆளே அவருதானே."

"போட்டாரா?"

"போட்டாரு, எனக்கு. திங்கக்கெழமைலேர்ந்து ஸ்கூலு கெடையாது."