காலியாகக் கிடந்த மூன்றாவது கட்டம்

கட்டம் ஒன்று காலியாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மற்றபடி நான் சாது, ஐயா. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் சலவை அறைக்குப் பக்கத்தில் என் மேசை. டாக்டர்கள் நோயாளியின் கோப்பில் எழுதுவதைப் படித்து, அந்த நோய்க்குரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகிறது. போட்ட குறியீட்டுக்கெல்லாம் என் புத்தகத்தில் ஒரு டிக் உண்டு. காரீய நஞ்சுக்கு நான்கு கட்டங்கள்: தற்செயலாக ஏறியது, தானே ஏற்றிக்கொண்டது, பிறர் ஏற்றியது, எப்படி என்று தெரியாதது. மூன்றாவது மட்டும் காலி. பெயின்ட் சுரண்டுபவர், பழைய பேட்டரி பிரிப்பவர் என்று வந்தவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு விரோதி இல்லை. நான் என்ன செய்வது?

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், தங்கமான மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. மாமனார் வீட்டில் ஒருமுறை, பதினோரு பேருக்கு நடுவில், "நம்ம சகலையும் டாக்டர் மாதிரிதான். என்ன, நோயாளி மூஞ்சியத்தான் பாத்ததில்ல" என்றார். அப்போது மாலை ஐந்தே முக்கால். நானும் சிரித்தேன்.

அவருக்கு ஒரு நீலக் குவளை பரிசளித்தேன். வேறொரு நோயாளியின் வீட்டிலிருந்து வந்தது. 'மெருகில் காரீயம், அப்புறப்படுத்தவும்' என்று எங்கள் ஆய்வுக்கூடம் சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டை மட்டும் அப்புறப்படுத்தினேன். சகலை உடம்பு குறைக்க தினமும் எலுமிச்சைச் சாறு குடிப்பவர். புளிப்பு பட்டால் அந்த மெருகு கரையும். உடம்பும் குறைந்தது.

நான்காம் மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கே வந்தார். கோப்பு என் மேசைக்கே வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று திறந்தால், 'தற்செயல்' என்று எழுதியிருந்தார் டாக்டர். சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை.

டாக்டர் எழுதாததை நாங்கள் குறியீடாகப் போடக் கூடாது. எனக்கு உண்மை தெரியும் என்பதெல்லாம் செல்லாது. நாமே பதிலைச் சொல்லிக்கொடுத்தும் கேட்கக் கூடாது. அதனால், 'எப்படி ஏறியது எனத் தெளிவுபடுத்தவும்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஆறு முறை அனுப்பினேன். ஏழாவது சீட்டுக்கு டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"தற்செயல்னுதான் எழுதியிருக்கேனே. வேற எப்படிங்க ஏறும்?"

அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டதால் விதி மீறல் இல்லை. "நான்தாங்க சார் ஏத்துனேன். இத அப்படியே எழுதி, தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுக்காமல் போனை எடுத்தார். நீங்கள் வந்தீர்கள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை டாக்டருக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும். மூன்றாவது கட்டத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கின்றன: மறு வருகை, நீங்காத பாதிப்பு. சகலை பூரணமாகக் குணமாகிவிட்டால் கடைசிக் கட்டம் காலியாகவே போய்விடும். எனவே நேற்று நலம் விசாரிக்கப் போனபோது, மனைவியின் அக்காவிடம் பச்சைக் குவளையையும் கொடுத்துவிட்டேன். அது நீலத்துக்கு ஜோடி.

கோபமில்லை என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கோபக்காரன் இவ்வளவு வரிசையாகச் செய்வானா?