இருபதில் ஒன்று குறைவு

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். மற்ற ஆராய்ச்சியாளர்கள் வனத்துறை அலுவலகத்துப் படியேறும்போதே முகம் சுளிப்பார்கள். நான் சொந்தப் பேனாவோடு போவேன். ஆகவே, அனுமதி இல்லாமல் பிடித்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது வடிகட்டிய பொய். அனுமதிச் சீட்டு உங்கள் மேசையிலேயே இருக்கிறது, பாருங்கள். முத்திரை, கையெழுத்து, எண்ணிக்கை இருபது, மாதக் கடைசி வரை செல்லும்.

மலைச்சுனைத் தவளை அது. கட்டைவிரல் நகத்தளவு, மஞ்சள் வயிறு. அந்த ஒரு சுனையைத் தவிர வேறெங்கும் கிடையாது. முதலில் கண்டவன் நான். மூன்று மழைக்காலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஒருமுறைகூடப் பத்தொன்பதைத் தாண்டவில்லை.

படிவத்தின் ஏழாவது கட்டம், அங்கே மொத்தம் எத்தனை இருக்கும் என்று கேட்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் பிடிக்கக் கொடுப்பார்கள். "பத்தொம்பதுன்னு போட்டா ஒண்ணுதான் சார் வரும்," என்றார் அந்தப் பிரிவு எழுத்தர் அம்மா. அவ்வளவுதான் சொன்னார், அவரை இதில் இழுக்காதீர்கள். இருநூறு என்று எழுதியது நான். ஒற்றைத் தவளையை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

அவர் மேசையில் இன்னொரு விண்ணப்பமும் கிடந்தது. என்னிடம் படித்த பெண்ணுடையது, அதே சுனைக்கு. எதையும் பிடிக்க மாட்டாளாம், குரலை மட்டும் பதிவு செய்வாளாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொறாமை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேர் கால் வைத்தால் தவளைகளுக்குத்தானே தொந்தரவு.

போன வாரம் இரண்டே மாலையில் வேலை முடிந்தது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டால் தூங்குவதுபோல அடங்கிவிடும். பதினேழாவதைப் பையில் போட்டபோது, கூட வந்த வனக்காவலர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஜோடியையாவது விட்டுட்டு வாங்க சார். உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்." நல்ல மனிதர். அனுமதிச் சீட்டை அவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டினேன். எத்தனையை விட்டுவர வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. பத்தொன்பதையும் எடுத்தேன். கொடுத்த கணக்குக்கு ஒன்று குறைவு.

வணிக நோக்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கையும் காப்பாற்றியிருக்கிறேன், ஒன்றையும் விற்கவில்லை. கோடையில் சுனை வற்றினால் எப்படியும் செத்திருக்கும். என் அலமாரியில், புட்டிக்குள், நூறு வருஷம் ஒரு சேதமும் வராது. காப்பாற்றியவனைக் கூண்டில் ஏற்றுவதென்றால் ஏற்றுங்கள். வாக்குமூலத்தில் வருந்துகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள், கையெழுத்துப் போட மாட்டேன்.

சற்றுமுன் அந்தப் பெண்ணின் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். நான் இறங்கி வந்தபின் மூன்று மாலை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். முதல் இரண்டு மாலையும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். மூன்றாம் மாலை ஒரே ஒரு குரல், விட்டுவிட்டுக் கூப்பிடுகிறது. அப்படியானால் நான் எண்ணியதில் ஒன்று தப்பியிருக்கிறது. அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அனுமதியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மாதம் முடிய நான்கு நாள். வருந்துகிறேன் என்றே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரு மாலை மட்டும் கொடுங்கள். துணையில்லாமல் அது அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.