மூணாவது படத்துல ஒரு டவுட்

இல்ல மேடம், மார்க் கேக்க வரல. உங்க இங்கிலீஷ் கிளாஸ்ல நான் வாங்குற மார்க்குக்கு சண்டை போட முகம் வேணாமா? ரெண்டு தடவை ஃபெயில் பண்ணீங்க, மூணாவது தடவை பாவம்னு விட்டுட்டீங்க. பாவம் பாத்து இல்லையா? சரி, சந்தோஷம்.

எங்க ஆராய்ச்சி கைடு காலையில உங்களைத் தேடி வந்தாராமே. இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் சரியா வராதுன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா போதும், விசாரணை முடிஞ்சுடும், இந்த வருஷமே நீ பட்டம் வாங்கிட்டுப் போயிடலாம்னு என்கிட்டயும் சொன்னார். எழுதிட்டீங்களா? இன்னும் இல்லையா? அப்ப கொஞ்சம் பேசிக்கறேன் மேடம்.

வராதுங்கறது பொய்யில்ல. கம்பியை மெஷின்ல மாட்டி, அறுந்து போற வரைக்கும் இழுத்துப் பாக்கறது என் வேலை. அந்த மெஷினையே பிரிச்சுப் போட்டாலும் திருப்பி மாட்டிடுவேன். நடந்ததை உங்க இங்கிலீஷ்ல எழுதுன்னாதான் கை மரத்துப் போகுது. முதல் நாளே சொல்லிட்டீங்க, நான்னு எழுதக்கூடாதுன்னு. நான் கம்பியை இழுத்தேன்னு எழுதினதை அடிச்சுட்டு, கம்பி இழுக்கப்பட்டதுன்னு மாத்தினீங்க. நின்னு நின்னு கால் வீங்கினது எனக்கு. கட்டுரையில பாத்தா கம்பி தன்பாட்டுக்கு இழுபட்டுக்கிட்டுக் கிடக்குது. நம்ம பேச்சுல பாருங்க, நான்னு சொல்லாம விட்டாலும் இழுத்தேன்கறதோட வாலே ஆளைக் காட்டிக் குடுத்துடும். அங்க ஆளே கிடையாது. எங்கம்மா ஃபோன்ல சாப்பிட்டியான்னு கேட்டாங்க, உணவு உட்கொள்ளப்பட்டதும்மான்னேன். இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஃபோனை அப்பா கையில குடுத்துட்டாங்க. சிரிக்காதீங்க மேடம், எனக்கு அப்ப அழுகைதான் வந்துச்சு.

அது பழகறதுக்குள்ள அடுத்தது. எதையும் அடிச்சுச் சொல்லக்கூடாது. அறுந்துடும்னு எழுதினா, அறுந்து போகக்கூடும்னு எழுது. அப்படியே எழுதினா அதுவும் பத்தாது, அறுந்து போகக்கூடும்னு தோணுதுன்னு எழுது. இப்படியே போனா கம்பிக்கு அறுந்து விழவே கூச்சமா இருக்கும்டின்னு பக்கத்துல உக்காந்திருந்தவ சொன்னா. அன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் வெளியில அனுப்பினீங்களே.

அப்புறம் இந்த டவுட். நாங்க சின்ன கிளாஸ்லேருந்தே சார் ஒரு டவுட்னுதான் எழுந்து நிப்போம். புரியல, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு வகுப்பு முழுக்க அதுக்கே ஒதுக்கினீங்க. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு டவுட்னா, நீ சொல்றதை நான் நம்பலன்னு அர்த்தம், விளக்கம் வேணும்னா கொஸ்டின்னு எழுதுங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க.

இப்ப அந்த வார்த்தைதான் என்னை இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு. கைடோட கட்டுரை வரப்போற பத்திரிகைக்கு நான் ஒரு மெயில் போட்டேன். மூணாவது படத்துல எனக்கு ஒரு டவுட் இருக்கு. அவ்வளவுதான் மெயிலு. அவங்க கட்டுரையை நிறுத்தி வச்சு, இங்க இருக்கற விசாரணைக் கமிட்டிக்கு எழுதிட்டாங்க. கைடு கமிட்டிகிட்ட என்ன சொன்னார் தெரியுமா? பாவம், விளக்கம் கேக்கப் போய் டவுட்னு எழுதிட்டா, இந்தப் பசங்க எல்லாருமே இப்படித்தான். உடனே எல்லாரும் சிரிச்சாங்க. அறைக்குள்ள இருந்த இறுக்கமே போயிடுச்சு. ஒருத்தர் எனக்குத் தண்ணி கூட எடுத்துக் குடுத்தார்.

கோவமான்னு கேட்டா, யாரு மேல கோவப்படறது? அவர் கெட்டவர் இல்ல மேடம். அப்பாவுக்கு முடியாம போனப்ப ஒரு வார்த்தை கேக்காம லீவு குடுத்தவர். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் லேபுக்கே பணம் வரணும். எங்க எல்லாருக்கும் அதுலதான் சோறு. எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டுட்டுப் போடி, வார்த்தை தப்பாயிடுச்சுன்னு சொல்றதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு எங்கம்மாவே கேக்கறாங்க.

லிஃப்டைத் தூக்கற வடம் இருக்குல்ல, அதுல ஒரு இழை அந்தக் கம்பி. மூணாவது படத்துல, எவ்வளவு இழுத்தாலும் கம்பி தாங்குதுன்னு கோடு நிக்காம மேல ஏறிக்கிட்டே போகுது. நான் இழுத்தப்ப பாதி ஏறறதுக்குள்ள அறுந்துச்சு. மெஷின் மேல பழியைப் போட்டுட்டு வேற புதுக் கம்பி மாட்டினேன். அதுவும் அறுந்துச்சு. பெருசா சத்தமெல்லாம் வராது மேடம், நகம் வெட்டற மாதிரி ஒரு சின்ன சத்தம்.

இல்ல, எனக்குத் தண்ணி வேணாம்.

அந்த மெயில்ல முதல்ல கொஸ்டின்னுதான் அடிச்சேன் மேடம். படிச்சுப் பாத்துட்டு, அழிச்சுட்டு, டவுட்னு போட்டேன்.